இருபதாம் நாள் கட்டம்

கோடு போடுவதற்கு முன் அத்தான் கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுவார். வார் ஸ்கேலில் இடிக்குமாம். கழற்றியதைத் தாளின் இடது மூலையில் முகம் மேலே பார்க்க வைத்து, தாளை ஒரு தடவை ஊதிவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார். பென்சில் கிடையாது. "பென்சில்ல போட்டா அழிக்கத் தோணும் மாப்ள" என்பார். மாற்றியே தீர வேண்டுமென்றால் ஒற்றைக் கோட்டால் அடித்து, ஓரத்தில் தேதி, காரணம், சின்னக் கையெழுத்து. பஸ் டிப்போ வழக்கம் அது. அங்கே கால அட்டவணை போடுவதுதான் அவர் வேலை.

வீட்டிலும் அதே மாதிரி நாலு தாளை டேப்பால் ஒட்டியிருப்பார். மணிக்குப் பதில் நாள்கள், பஸ்களுக்குப் பதில் ஆள்கள்: ராணி, படகுக்காரன், தளபதி. எல்லாம் அவரே கட்டிய ஒரு நாடு. ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு நாங்கள் மூன்று பேர் அதற்குள் போவோம். அவர் நிலைமையைச் சொல்வார், எங்கள் பாத்திரம் என்ன செய்கிறதென்று நாங்கள் சொல்ல வேண்டும், இழுபறியானால் பகடை. என் அக்கா வைத்தியச்சி. அத்தானின் நண்பர், குரலுக்காகவே 'ஹாரன்' என்று பெயர் வாங்கிய டிரைவர், வாள்வீரர். நான் தூதன். வாயே திறக்காதவனுக்குத் தூதன் வேடம், அக்காவின் குறும்பு.

அத்தான் கதை எழுதியதே இல்லை. அட்டவணை மட்டும்தான். நாங்கள் போனாலும் போகாவிட்டாலும் படகு பத்தாம் நாள் கிளம்பிவிடும். நாங்கள் எட்டிப் பார்க்காத ஊர்களிலும் அவருடைய ஆட்கள் கட்டம் கட்டமாக நடந்துகொண்டிருந்தார்கள். கவிதையில் எழுதாமல் விட்ட வரி போல அது எனக்குப் பிடித்திருந்தது.

அக்காவுக்குப் பிடித்தது விளக்குக்காரியை. மலைக்கோபுரத்தில் தனியாக விளக்கேற்றுகிறவள். ஆட்டத்தின் முதல் ராத்திரி எங்களுக்குத் தங்க இடம் கொடுத்தவள். தளபதியின் படை அவள் கோபுரத்தை நோக்கிக் கிளம்பிவிட்டது என்று தெரிந்ததும் அக்கா ஆளே மாறிவிட்டாள்.

"ஏங்க, படை என்னிக்கு வரும்?"

"வர்ற அன்னிக்கு வரும்."

"அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் இந்தப் பக்கமே வரமாட்டேன், சொல்லிட்டேன்."

படைக்கு முன்னால் அவளிடம் போய்ச் சேரக் கிளம்பினோம். வழியில் ஒரு கோட்டைவாசல். அத்தான் குரலைக் கனமாக்கிக்கொண்டு காவலனாகக் கேட்டார்: "யாருப்பா நீங்க? எங்க போறீங்க?"

பேச வேண்டியது, அனுமதிக் கடிதத்தை வைத்திருக்கிற தூதன். மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள்.

"கடுதாசி உன் கையிலதானடா இருக்கு, நீட்டித் தொலையேன்!" என்றார் ஹாரன். "நாங்க பஸ்ஸையே திருப்பிடுவோம், நீ வாயைத் திருப்ப மாட்டேங்கிறியே!"

நான் பகடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தான் கொஞ்ச நேரம் காத்திருந்தார். "சரி, பொழுது சாஞ்சாச்சு. வாசலை மூடிட்டாங்க." ஒரு நாள் போயிற்று. அடுத்த ஞாயிறு, பேச வேண்டியதைத் துண்டுச்சீட்டில் எழுதிவந்து படித்தேன். கதவு திறந்தது.

பிறகு எங்கள் மூட்டையைச் சுமந்துவந்த கழுதைக்குக் காலில் முள். அதை அப்படியே விட்டுவிட்டுப் போக அக்காவுக்கு மனசு வரவில்லை. இன்னொரு நாளும் போயிற்று.

இருபத்தொன்றாம் நாள் கோபுரம் கண்ணில் பட்டது.

"விளக்கு எரியல" என்றார் அத்தான். "நேத்து சாயங்காலமே படை வந்துட்டுப் போயிருக்கு. அவ படிக்கட்டுல கிடக்கறா. உசிரு இல்ல."

"ஒரே ஒரு நாள்" என்றாள் அக்கா. "ஒரு நாள் தள்ளிப்போட்டா உங்களுக்கு டிப்போவுல மெமோ குடுத்துடுவாங்களா?"

"தள்ளிப்போட்டா, நீங்க விழுந்தடிச்சு ஓடிவந்ததெல்லாம் சும்மான்னு ஆயிடும்."

"நல்லா வச்சுக்குங்க உங்க அட்டவணையை. கல்லு மனசு!" எழுந்து உள்ளே போய்விட்டாள். அத்தான் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். வாசலில் நான் வாயைத் திறந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு ஞாயிறு மேசை வெறுமனே கிடந்தது. மூன்றாவது ஞாயிறு அக்கா தானாகவே வந்து உட்கார்ந்தாள்.

"என் வைத்தியச்சி மேல ஏறி அந்த விளக்கை ஏத்தறா. பகடை போடணுமா?"

"வேண்டாம்" என்றார் அத்தான்.

ஆட்டம் அதற்குப் பிறகும் ஒரு வருஷம் ஓடி முடிந்தது. அவர்கள் வீடு மாறியபோது, பழைய அட்டவணைகளைச் சமையலறை அலமாரியில் விரிக்கச் சொல்லி அக்கா என்னிடம் கொடுத்தாள். சர்க்கரை டப்பாவை வைக்கப் போன இடத்தில் படையின் வரிசை இருந்தது. கோபுரம் என்று எழுதிய கட்டம் முதலில் பத்தொன்பதாம் நாளில்தான் இருந்திருக்கிறது. அதை ஒற்றைக் கோட்டால் அடித்து, இருபதாம் நாளுக்கு நகர்த்தியிருந்தார். நான் தொலைத்த நாளை அப்போதே ஈடுகட்டிவிட்டிருக்கிறார். கழுதையோடு போன நாளை மட்டும் விட்டுவிட்டார். ஓரத்தில், நான் வாய் திறக்காத அந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதி. பக்கத்தில் சின்னக் கையெழுத்து. காரணம்: மாப்ளைக்கு இன்னும் கொஞ்சம் நேரம் வேணும்.