கச்சான் காற்றும் என் மகளும்

ஆனி பிறந்துவிட்டால் எங்கள் சங்கரன்கோவிலில் மேற்கே மலைப்பக்கமிருந்து காற்று இறங்கிவிடும். எனக்குப் பூக்கடை. ஈரச் சாக்கைப் போட்டு மூடி வைத்தாலும் அந்தக் காற்று பிச்சிப்பூவை வாட்டிவிடும். நான் அதைத் திட்டாத நாள் கிடையாது. அதே காற்றுக்காக என் மகள் வருஷம் பூராவும் காத்திருக்கிறாள் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பதா, பயப்படுவதா என்று புரியவில்லை.

அவள் திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். அங்கேயே தங்கியிருக்கிறாள். போன இடத்தில் கரையூர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து பலகையில் நின்று அலை மேல் வரும் விளையாட்டைப் பழகிக்கொண்டாள். ஒருநாள் போனில் படம் அனுப்பினாள். என் வீட்டுக்காரி அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, ராத்திரி சாப்பிடவில்லை.

மறுநாள் போனில் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, நம்ம அம்மன் ஒத்தக்கால்ல நின்னா, அது தவம். நீ எதுக்குட்டி தண்ணிக்கு மேல நிக்க?"

"எம்மா, நான் ரெண்டு கால்லயும்தான் நிக்கேன்," என்றாள் மகள்.

அப்புறம் எனக்கு விளக்கினாள். தெற்கே எங்கேயோ நடுச்சமுத்திரத்தில் காற்று சுழன்றடித்தால், அதில் கிளம்புகிற அலை பல நாள் பயணம் பண்ணி இங்கே வருமாம். அங்கே ஒரு பாறை முனை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அலை அந்த முனையைச் சுற்றித் திரும்பும்போது மொத்தமாக விழாமல், ஓர் ஓரத்திலிருந்து உடைந்துகொண்டே போகும். அந்த நேரம் மேற்குக் காற்று இருக்க வேண்டும். கரையூர்க்காரர்கள் அதைக் கச்சான் என்கிறார்கள். அது கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிப்பதால் அலையின் முகத்தைத் தாங்கி நிறுத்திவைக்குமாம். வெயில் ஏறினால் காற்று கடலிலிருந்து கரைக்குத் திரும்பிவிடும், அலை கலைந்துவிடும்.

"இவ்வளவும் சேரது அபூர்வம்பா. ஒரு தரம் ரெண்டு பேரும் வந்து பாருங்க. பாத்த பெறகும் அம்மா வேண்டாம்னா, விட்டுருதேன். சத்தியமா."

அவள் சின்னதிலிருந்து எதற்கும் சத்தியம் செய்கிற பிள்ளை இல்லை. சொன்னால் விட்டுவிடுவாள். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கோமதியம்மன் சந்நிதிக்கு முன்னால், வேண்டுதல் உள்ளவர்கள் இறங்கி உட்காரும் சக்கரக் குழியில் போய் உட்கார்ந்தேன். பிள்ளையைக் கடலிலிருந்து மீட்டுக் கொடு தாயே என்று கேட்கத்தான் போனேன். வாய் வரவில்லை. அந்தப் படத்தில் அவள் முகம் அப்படி இருந்தது. நல்லபடியா வச்சுக்கோ என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

அம்மனின் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முன்னால் கடையை என் தம்பியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம். திருச்செந்தூரில் முருகனைப் பார்த்துவிட்டு அங்கேயே தங்கி, விடியும் முன்னால் டவுன் பஸ் பிடித்தோம். மகள் பஸ் நிறுத்தத்தில் நின்றாள். அங்கிருந்து தேரி என்கிற செம்மணல் மேட்டில் கால் புதையப் புதைய நடக்க வேண்டும். பனையைத் தவிர ஒன்றும் கிடையாது. என் வீட்டுக்காரி வழி பூராவும் கந்தா, கடம்பா என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கையில் புளியோதரைத் தூக்குவாளி.

தேரியிலிருந்து இறங்கினதும் முனை தெரிந்தது. கரையில் ஒரு மீனவர் வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைவிடச் சின்னவர். மகளைப் பார்த்ததும், "டீச்சர், இன்னைக்குக் கச்சான் சுத்தமா இருக்கு. நம்ம பயலுவ அப்பமே எறங்கிட்டானுவ," என்றார்.

மகள் அம்மா காலைத் தொட்டுவிட்டுப் பலகையோடு இறங்கினாள். முனைக்கு வெளியே ஏழெட்டுத் தலைகள் தெரிந்தன. அவளும் நீந்திப் போய் அவர்களோடு சேர்ந்துகொண்டாள். அப்புறம் ஒன்றுமே நடக்கவில்லை. எல்லாரும் பலகை மேல் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் அப்படியே இருந்தார்கள். மீனவர் அதற்குள் முனைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார், கேட்கவும் ஆளில்லை.

"என்னங்க, அவளால திரும்பி வர முடியல போல."

"உக்காந்துதானே இருக்கா."

"எல்லாரும்ல மாட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. கூப்பிடுங்க அவள."

எங்கள் பக்கம் கரிசல்காட்டில் தூரத்தில் நிற்கிற ஆளைச் சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால் தொண்டையைக் கிழிக்க மாட்டோம். வரப்பில் நின்று துண்டைத் தலைக்கு மேல் வீசுவோம். பார்த்ததும் வந்துவிடுவார்கள். நானும் துண்டை எடுத்து வீசினேன். என் வீட்டுக்காரி தன் முந்தானையை வீசினாள்.

அந்த நேரம் பார்த்து, அவர்கள் காத்திருந்த அலை வந்தது. எனக்கே தெரிந்தது. அடிவானத்தில் கோடு கோடாகப் பருத்து வந்தது. ஆனால் ஒருவரும் அதில் ஏறி நிற்கவில்லை. எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. அத்தனை பேரும் பலகையில் குப்புறப் படுத்துக் கையால் தண்ணீரைத் துழாவிக்கொண்டு கரைக்கு வந்தார்கள். மீனவர் பாறை மேல் ஒரு கயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

மகள்தான் முதலில் வந்து விழுந்தாள். மூச்சு வாங்கியது. "எப்பா, யாருக்கு என்ன?"

"ஒண்ணுமில்லட்டி. சாப்பிடக் கூப்பிட்டோம்," என்றாள் அவள் அம்மா.

மீனவர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, "அண்ணாச்சி, இங்கன துண்ட வீசுனா ஆளு முங்குதுன்னு அர்த்தம்," என்றார். அப்புறம் ஒரு பையன் சிரித்தான். "ஆன்ட்டி, வருஷத்துலயே நல்ல அலை அதுதான். புளியோதரைக்குப் போச்சு." எல்லாரும் மணலில் உட்கார்ந்து சிரித்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

என் வீட்டுக்காரி சிரிக்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருத்தனுக்குப் பாறையில் உரசி முழங்கையில் ரத்தம் வந்திருந்தது. தூக்குவாளி மூடியில் புளியோதரையை வைத்து அவன் கையில் கொடுத்தாள். "யாரு எவருன்னே தெரியாது. ஒரு துணி ஆடுனதுக்கா இத்தன பேரும் வந்தீங்க?"

"பின்ன வராம?" என்றான் அவன், வாயில் சோற்றோடு.

எல்லாரும் கை கழுவிக்கொண்டிருந்தபோது மகள் அம்மாவிடம் வந்து நின்றாள். அம்மா என்ன சொல்லப்போகிறாளோ என்று அவள் நிற்பது எனக்குத் தெரிந்தது. என் வீட்டுக்காரி அவளைப் பார்க்காமல் மீனவரிடம் திரும்பி, "அண்ணே, காத்து எப்பம் மாறும்?" என்று கேட்டாள்.

அவர் தேரிப் பக்கம் பார்த்தார். பனையோலை இன்னும் கடலைப் பார்த்துத்தான் சாய்ந்திருந்தது. "இன்னும் கொஞ்ச நேரம் நிக்கும்மா."

அவள் மகளின் நெற்றியிலிருந்த ஈர முடியை ஒதுக்கிவிட்டாள். "வயித்த ரொப்பிட்டு உடனே எறங்காத. சித்த நேரம் உக்காரு. ஆனா அந்தக் காத்து போறதுக்குள்ள போயிரு. அந்தப் பிள்ளைகள விட்டுத் தனியா மட்டும் எறங்காதட்டி."

மகள் சரியென்று தலையை ஆட்டினாள். மூன்று பேரும் மணலில் உட்கார்ந்து, பனையோலையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.