பூசணிக்காயும் ஒட்டக ரத்தமும்

பிரிசில்லா எதையும் மெதுவாகச் செய்து நான் பார்த்ததில்லை. கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் பெங்களூர் வந்துபோகிற நாங்கள் எல்லோருமே அவசரக்காரர்கள்தான். அவள் எங்களுக்கெல்லாம் தலைவி. ஓடிக்கொண்டே ஜடை பின்னுவாள், நின்றுகொண்டே இட்லி தின்பாள். சுரங்கத்தை மூடியதும் அவள் அப்பா முனியப்பன் வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். காக்ஸ் டவுனில், பழைய பங்களா ஒன்றில் நடந்த சின்ன மருந்து ஆராய்ச்சிக் கம்பெனியில் அவள் பார்த்த வேலைதான் அந்த வீட்டில் அடுப்பெரிய வைத்தது.

என்ன வேலை என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன். பங்காருப்பேட்டையில் ஆரம்பித்தவள் பெங்களூர் ஈஸ்ட் ஸ்டேஷனில் இறங்கும்வரை விடவில்லை. உடம்பைக் காக்க வேண்டிய படை, சிலருக்குப் புத்தி கெட்டுப்போய்ச் சொந்த மூட்டுகளையே கடித்துக் குதறுமாம். அதை ஏவிவிடும் புரதம் ஒன்று உண்டு. அதை இறுகப் பிடித்து வாயைக் கட்டிவிட்டால் படை அடங்கும். அப்படிப் பிடிக்கிற ஆள் ஒட்டகத்தின் ரத்தத்தில் இருக்கிறதாம். பொடித் துண்டுதான், நானோபாடி என்று பெயர். ராஜஸ்தான் ஒட்டகத்து ரத்தத்திலிருந்து உண்டாக்கிய கோடிக்கணக்கான துண்டுகளை, அந்தப் புரதம் பூசிய தட்டில் ஊற்றிக் கழுவுவாள். ஒட்டாதது போய்விடும். ஒட்டியதை பாக்டீரியாவில் வளர்த்து மறுபடி ஊற்றி, மறுபடி கழுவுவாள்.

"அப்பா தங்கக் கல்லு வெட்டுனாரு. நான் ஒட்டகத்தக் கழுவுறேன்கா" என்று சிரித்தாள்.

அந்த 2004ஆம் வருஷம் சிரிப்பு குறைந்தது. கிடைத்த துண்டுகளெல்லாம் பிடித்த வேகத்தில் நழுவின. முதலாளி சேஷகிரி நல்ல மனுஷர், ஆனால் முதல் போட்டவர்கள் அவர் கழுத்தில் உட்கார்ந்திருந்தார்கள். "இந்த மாசக் கடைசிக்குள்ள ஒண்ணாவது கெட்டியாப் பிடிக்கணும்மா. இல்லேன்னா கதவை இழுத்து மூட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டார்.

இந்த நேரத்தில்தான் ஆயுத பூஜை வந்தது. எங்கள் ரயில் பெட்டிக்கு வாழைக்கன்று கட்டி, பொட்டு வைத்து, பாட்டுப் பாடி, பூசணிக்காய் சுற்றாமல் நாங்கள் லீவுக்குப் போனதே கிடையாது. பூசணிக்காய் பிரிசில்லா பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பெஞ்சில் உட்காருகிறவளுக்கு இந்தப் பூசணிக்காயில் அப்படி ஒரு பக்தி.

லீவுக்கு முந்தின மாலை தட்டைக் கழுவும் நீரில் அமிழ்த்தி, ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிடலாம் என்று குளிர் அறையில் வைத்தாள். அதற்குள் கம்பெனியில் மெஷின்களுக்குப் பூஜை, ஆரத்தி, சுண்டல். மணியைப் பார்த்தாள், மார்க்கெட்டுக்கு ஓடினாள், குழந்தையைத் தூக்குவது போலப் பூசணிக்காயை இடுப்பில் வைத்துக்கொண்டு நகரும் ரயிலில் ஏறினாள். நாங்கள் கைதட்டினோம்.

லீவு முடிந்த அன்று காலையில் முகம் வெளுத்துப்போய் வந்தாள்.

"நேத்து அம்மா இட்லிக்கு அரிசி ஊறப் போட்டாங்கக்கா. அப்பதான் ஞாபகம் வந்துச்சு. தட்டு ரெண்டு நாளா தண்ணியிலயே ஊறுது. ஒண்ணுமே ஒட்டியிருக்காது. என்னால கம்பெனியே போச்சு."

"யாருக்குடி தெரியப்போவுது? வாயத் தொறக்காத" என்றேன். நான் அப்படித்தான். அவள் நேரே சேஷகிரியிடம் போய் நின்று சொல்லிவிட்டாள். அவர் திட்டவில்லையாம். நாற்காலியில் சாய்ந்து, மிச்சமிருப்பதை வைத்து நடத்தச் சொன்னாராம். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று சாயங்காலம் முழுக்க என் தோளில் அழுதாள்.

மிச்சமிருந்தது விரல்விட்டு எண்ணும் அளவுதான். வழக்கமாக வளர்ப்புத் தட்டு நிறைய பாக்டீரியாப் புள்ளிகள் முளைக்குமாம், இந்த முறை அங்கொன்றும் இங்கொன்றும். அவற்றை வளர்த்து, புரதத்தோடு சேர்த்துச் சோதித்த அன்று சோதனைத் தட்டின் குழிகள் ஒவ்வொன்றாக மஞ்சளாக மாறின. மஞ்சள் என்றால் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கழுவினார்கள், மறுபடி கழுவினார்கள். மஞ்சள் போகவில்லை. ஐந்து நிமிஷக் கழுவலில் அரைகுறையாகப் பிடித்ததும் தங்கிக் கூட்டத்தில் கலந்துவிடும். இரண்டு நாள் ஊறலில் அதெல்லாம் நழுவி, உடும்புப் பிடிக்காரர்கள் மட்டும் மிஞ்சிவிட்டார்கள்.

அன்று பெட்டி முழுக்க மைசூர்பாக். "வேல நெலச்சிடுச்சுக்கா!" என்று கத்தி என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, மூக்கைச் சிந்திக்கொண்டே தின்றேன். அது மருந்தாக இன்னும் எத்தனையோ படி ஏற வேண்டும் என்றாள். ஏறட்டும், கதவு மூடவில்லையே!

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின சாயங்காலம் ஈஸ்ட் ஸ்டேஷனில் ரயில் நின்றது. பிரிசில்லா வெறுங்கையோடு மூச்சிரைக்க ஏறினாள். மார்க்கெட் போக நேரமில்லையாம். பெட்டியே அவளைப் பிடித்து உலுக்கியது. அப்போது பிளாட்பாரத்தில் ஒரு மனுஷர் ஓடி வந்தார். இன் செய்த சட்டை, நெற்றியில் வேர்வை, இடுப்பில் பூசணிக்காய். சேஷகிரி!

"தட்டை ஊறப் போட்டாச்சும்மா. லீவு முடிஞ்சே எடுக்கலாம்" என்று ஜன்னலுக்கு வெளியே நின்று கத்தினார். பூசணிக்காய் ஜன்னல் கம்பிக்குள் நுழையவில்லை. ரயில் நகர்ந்தது. நாங்கள் நாலு பேர் அவரைப் பூசணிக்காயோடு சேர்த்துக் கதவு வழியாக உள்ளே இழுத்துப் போட்டோம். கிருஷ்ணராஜபுரத்தில் இறங்கும்வரை அவர்தான் எங்கள் பாட்டுக்குத் தாளம்.