உப்புக் கண்மாய்

வேனில் போனவர்கள்: என் வீட்டுக்காரர். அவருடைய அண்ணன். அண்ணன் பெண்டாட்டி, எனக்கு அக்கா முறை. வேன் ஓட்டுகிறவர். நான்.

எண்பதுகளின் கடைசி. எம்.ரெட்டியபட்டியில் அண்ணனும் தம்பியும் தானியக் கடை வைத்திருந்தார்கள். மரக்காலில் அளக்கும்போது அண்ணன் ஒன்று என்று சொல்லமாட்டார். லாபம் என்றுதான் தொடங்குவார். வேனில் ஏறியதும் ஓட்டுகிறவரில் தொடங்கி எங்களையும் அண்ணன் அப்படியே லாபம், ரெண்டு என்று எண்ணினார்.

"மனுசாளையும் மரக்கால்ல அளக்குறாக" என்றாள் அக்கா.

சாயல்குடிக்குத் தெற்கே கடலை ஒட்டி ஓர் உப்பு ஏரி. வற்றினால் கண்ணுக்கு எட்டின மட்டும் வெள்ளை. வெளியூரிலிருந்தெல்லாம் பார்க்க வருவார்கள். எங்கள் பக்கத்தில் ஏரி எல்லாமே கண்மாய்தான். அதற்கு உப்புக் கண்மாய் என்று பெயர்.

நாங்கள் போனபோது வற்றிக் கிடந்தது. ஓரமெல்லாம் பாளம் பாளமாக வெடிப்பு. நடுவில் உப்பு. கண் கூசியது.

புளிச்சோறு தின்று முடித்ததும் அண்ணன் தம்பியைச் சீண்டினார்.

"ஏலே, நடு வரைக்கும் போயி ஒரு கட்டி உப்பு எடுத்தாந்துருவியா?"

"இதென்ன பெரிய காரியம்? நம்ம கண்மாய் வெடிச்சா லோடு வண்டியே போகுது."

"வண்டி போகும்லே. ஒன் தொந்தி போகுமா?"

எல்லாரும் சிரித்தோம். வெடித்த தரை தாங்கும். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். உப்பு நொறுங்கும் சத்தம் கரை வரை கேட்டது. பிறகு நின்றது. பார்த்தால் முழங்கால் வரை இறங்கியிருந்தார். காலை உருவப் பார்த்தார். இடுப்புக்கு வந்துவிட்டது.

"அண்ணே, அடியில தரை இல்லண்ணே!"

அண்ணன் ஓடினார். அவர் காலும் புதைந்தது. வேன்காரர் அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்துப்போட்டார்.

கூச்சல் கேட்டு, உப்பு வாரிக்கொண்டிருந்த புருசனும் பெண்டாட்டியும் வந்தார்கள். கையில் நீளக் கம்பு செருகிய பலகை.

"யாரு எறங்கச் சொன்னது?"

"கண்மாய் வத்திக் கெடக்குன்னு..." என்றார் அண்ணன்.

"கண்மாயா? இது கடல் கழிய்யா. அடியில கடல் தண்ணி இருக்கு. மேல காயும், உள்ள காயாது. பொழுது சாய தண்ணி ஏறும். அதுக்குள்ள எடுத்துறணும். கனமில்லாத ஆளு யாரு?"

நான்தான் ஒல்லி. வேன் சீட்டுப் பலகையைக் கழற்றி உப்பின் மேல் போட்டார்கள். அதில் குப்புறப் படுத்தேன். அந்தப் பெண் பின்னால் தவழ்ந்து வந்து என் கால்களைப் பிடித்துத் தள்ளினாள். உப்பு முழங்கையைக் கீறியது. உப்பு வாரும் கம்பை நீட்டினேன். அவர் பிடித்தார். அதற்குள் நெஞ்சு வரை போயிருந்தார்.

"நிக்க வேணாம், மல்லாக்கப் படுக்கச் சொல்லு" என்று பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் குரல்.

"ஏங்க, படுங்க."

"படுத்தா முங்கிருவேன்டி."

"நான் பிடிச்சிருக்கேன். படுங்க."

என்னையே பார்த்தார். படுத்தார்.

பின்னாலிருந்து ஒருவர் காலை ஒருவர் பிடித்து எல்லாரும் இழுத்தார்கள். சேறு விட மனசில்லாமல் விட்டது. ஒரு கால். வெகுநேரம் கழித்து இன்னொரு கால். கரைக்கு வந்ததும் அண்ணன் அவரை அடிக்கக் கை ஓங்கினார். அடிக்கவில்லை.

வேனில் ஊர் திரும்பினோம். சாயல்குடி தாண்டியதும் அண்ணன் முன்சீட்டிலிருந்து திரும்பினார். சேறு காய்ந்த தம்பி தலையில் கை வைத்தார்.

"லாபம்."

என்னைப் பார்த்தார். "ரெண்டு." அக்காவை. "மூணு." ஓட்டுகிறவரை. "நாலு."

அதோடு நிறுத்திவிட்டார். அக்கா சொன்னாள்: "ஒங்களையும் சேருங்க."

"அஞ்சு."