கரண்டு இல்லாத நாளில் காட்டிய உடம்பு

அறுந்த இழைக்கு முடி போடக் கையைத் தூக்கினேன். பாதியிலேயே கை கீழே இறங்கிவிட்டது. தொண்ணூறுகளின் நடுவில், கருமத்தம்பட்டியில் நானும் என் கணவரும் வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தோம். எனக்கு முப்பத்தொரு வயது.

"அசதியா இருக்குதுங்க" என்றேன்.

"ஆருக்கு இல்ல, அம்மணி?" என்றார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை என்று எழுதத்தான் ஆசை. மனம் வரவில்லை. அசதி, சடவு, களைப்பு என்று தெரிந்த வார்த்தையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். எல்லாமே எல்லாரும் சொல்கிற வார்த்தைகள். சாயங்காலமானால் சோற்றை மெல்லத் தாடை வராது. வேலைக்குக் கள்ளம் என்று சொந்தத்தில் பேசிக்கொண்டார்கள். அவரும் மறுக்கவில்லை.

தறி ஓடும் நாளில் எங்கள் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார்கள். பராமரிப்புக்காக மாதம் ஒருநாள் கரண்டை நிறுத்துவார்கள். துக்கம் விசாரிப்பது, பல் பிடுங்குவது எல்லாம் அன்றைக்குத்தான். நானும் அன்றைக்குத்தான் கோயமுத்தூர் போவேன். தறிச் சத்தம் இல்லாமல் நன்றாகத் தூங்கி, தலைக்குக் குளித்து, தெளிவாகப் போய் உட்காருவேன். ரத்தசோகை (ரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைவு) என்று டானிக் எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றரை வருடம் டானிக் குடித்தேன்.

ஒரு மத்தியானம் தறியடியில் குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. மூச்சு முட்டியது. முதல்முறையாகத் தறியைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கிளம்பினோம்.

அன்று பார்த்தது ஒரு பெண் டாக்டர். "வேலை செய்ய மனசு வரலீங்களா, மனசிருந்தும் கையத் தூக்க முடியலீங்களா?" என்று கேட்டார். அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"தூக்க முடியலீங்க."

மேலே பார்க்கச் சொன்னார். ஒரு நிமிடத்தில் என் இமைகள் தாமாக இறங்கின. மயஸ்தீனியா (நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகப் போய்ச் சேராத நோய்) என்றார். உழைத்தால் கூடும், ஓய்வெடுத்தால் மறைந்துகொள்ளும். "ஓய்வெடுத்த நாளாப் பாத்தே வந்திருக்கீங்க."

வெளியே வந்ததும் கணவர், "வெவரமாச் சொல்லியிருந்தா அப்பவே பாத்திருக்கலாமே, கண்ணு" என்றார். பதில் சொல்ல நாக்கு எழவில்லை. அதுவும் நோய்தான்.

பிறகு நெஞ்சைத் திறந்து தைமஸை (மார்பெலும்புக்குப் பின்னால் இருந்து இந்த நோயைத் தூண்டும் சுரப்பி) எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டேன். உங்களுக்கும் இப்படி இருந்தால் முடியாத நேரத்திலேயே போய்க் காட்டுங்கள். வேலை கெட்டால் கெடட்டும்.

இப்போது எனக்கு நாள் என்பது நாலு மணி நேரம்தான். ஒரு மாத்திரை போட்டால் அவ்வளவு நேரம் தலை பின்னலாம், பேசலாம், சிரிக்கலாம். சிரிப்பதற்கும் தசை வேண்டும். மாத்திரையின் வேகம் தீரும் நேரத்தில் முகம் சிரிக்காது. அப்போது அவர் அன்பாக ஏதாவது சொன்னால் வெறுமனே பார்ப்பேன்.

மாத்திரை நன்றாக வேலை செய்யும்போதும் சில நாள் அப்படித்தான் பார்க்கிறேன். அவர் மணியைப் பார்த்துவிட்டு, மாத்திரையும் தண்ணீரும் எடுத்து வருகிறார்.