மழை நாளில் மட்டும் நின்ற வேன்

1. செவ்வாய், மழை: பொகவந்தலாவையிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஹட்டனுக்கு வந்த சிவலிங்கம் அண்ணனின் பழைய பெற்றோல் வேன் ஏற்றத்தில் நின்றது. பத்து நிமிடத்தில் மறுபடி ஸ்டார்ட் ஆனது.
2. புதன், வெயில்: நிற்கவில்லை.
3. வியாழன், மழை: இரண்டு முறை நின்றது. பிள்ளைகளுக்கு முதல் பாடம் போனது.
4. அன்று மாலை: எங்கள் கராஜில் கொயில், பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி மூன்றையும் மாற்றினேன்.
5. வெள்ளி, மழை: மறுபடியும் நின்றது.

ஹட்டனில் ரியாஸ் நானாவின் கராஜில் அது எனக்கு இரண்டாவது வருடம். தொழிற்பயிற்சி முடித்து வந்தவள், எதையும் எண் போட்டு நோட்டில் எழுதுபவள். மழையில் நின்றால் ஈரம், ஈரம் என்றால் கரன்ட் பக்கம் கோளாறு என்று படித்திருந்தேன். பிழையான பாடம் இல்லை. அந்த வேனுக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளி மாலை சிவலிங்கம் அண்ணன் வந்தார். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்து தணிந்த குரலில் சொன்னார்.

"திங்கக்கெழம ஓ.எல். பரீச்ச தங்கச்சி. ஒம்பது புள்ளைங்க. நாளைக்கு டியூஷனுக்குப் போறப்ப நின்னா, பரீச்சைக்கு வேற வேன் பாத்துக்குறோம்னு தோட்டத்து லயத்துல தாய்தகப்பன்மாரு சொல்லிட்டாங்க. அவங்க மேல குத்தமில்ல. ஆனா ஒண்ணாம் வகுப்புலருந்து நான்தானே ஏத்திட்டுப் போறேன். பரீச்சைக்கு வேற ஆளா கொண்டுபோய் விடுறது?"

நான் நோட்டைத் திறந்து அடுத்து என்னென்ன பார்க்கலாம் என்று எழுதத் தொடங்கினேன். ரியாஸ் நானா எட்டிப் பார்த்தார்.

"லிஸ்ட் வேன்ல ஏறாது தங்கச்சி. நீ ஏறு."

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் பொகவந்தலாவைக்குப் போய், வேனில் முன்சீட்டில் உட்கார்ந்தேன். தூறல். நோர்வூட் தாண்டி ஏற்றத்தில் எஞ்சின் இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு நின்றது.

பின்னாலிருந்து தர்ஷினி என்ற பிள்ளை சொன்னாள்: "தள்ளுறதுக்கும் ஒரு பேப்பர் வெச்சா நாங்கதான் ஏ எடுப்போம்!"

முன்சீட்டைத் தூக்கி, அடியிலிருந்த எஞ்சினைப் பார்த்தேன். பிளக்கில் ஸ்பார்க் இருந்தது. காபரேட்டரில்தான் பெற்றோல் இல்லை. அப்போது வெளியே "உஸ்ஸ்" என்று காற்று உள்ளே இழுபடும் சத்தம். எட்டிப் பார்த்தால், அண்ணன் பெற்றோல் டாங்க் மூடியைத் திறந்து உள்ளே ஒரு குச்சியை விட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நிக்கிற நேரமெல்லாம் இதைத் தெறப்பீங்களா?"

"ஆமா. பெற்றோல் அளவு காட்டுற முள்ளு வேல செய்யலயே. முடிஞ்சிருச்சோன்னு பாப்பேன்."

"வண்டி நின்னா என்ன செய்வீங்கன்னு அன்னைக்கு கராஜுல கேட்டப்ப, பத்து நிமிஷம் நிப்பேன்னுதானே சொன்னீங்க?"

"இதெல்லாமா ரிப்பேரு? பாக்குறதுதானே."

பெற்றோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். பழைய மூடிகளில் அதற்கென்று ஒரு சின்னத் துளை இருக்கும். துளை அடைத்தால் டாங்குக்குள் காற்று குறைந்து, பம்பால் பெற்றோலை இழுக்க முடியாது. மூடியைத் திறந்தால் சரியாகிவிடும். வேன் தானாகச் சரியாகவில்லை. காரணம் தெரியாமல் அவரே ஒவ்வொரு முறையும் சரிசெய்திருக்கிறார்.

மூடியைக் கையில் வாங்கினேன். துளையைக் காணவில்லை. சந்தனம், அதன் மேல் குங்குமம், அதன் மேல் மறுபடி சந்தனம்.

"வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வைக்கிறது" என்றார் அண்ணன். "வண்டிக்கு வாயி இதுதானே, அதான் ஸ்டியரிங்குக்கு முன்னாடியே இதுக்கு வெச்சிருவேன். பழைய பொட்டத் தொடச்சா வீட்டுல ஏசுவாங்க."

வெயிலில் சந்தனம் காய்ந்து வெடித்து காற்றுக்கு வழி விட்டிருக்கிறது. மழையில் ஊறி அடைத்துக்கொண்டிருக்கிறது. ஈரம் என்று நான் நினைத்தது சரி, இடம்தான் வேறு.

தர்ஷினி சால்வையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றித் தந்தாள். "மாமா பொட்டு வெச்சே வண்டிக்கு மூச்ச அடைச்சிட்டாரு!"

"சும்மா இரு புள்ள" என்றார் அண்ணன். காது சிவந்துவிட்டது.

மூடியைத் துடைத்து, துளையைக் குத்தி, ஊதிப் பார்த்து மாட்டினேன். ஹட்டன் வரை நிற்கவில்லை, திரும்பும்போதும் நிற்கவில்லை. வழியில் நின்றதை லயத்தில் சொல்ல மாட்டோம் என்று பிள்ளைகள் சத்தியம் செய்தார்கள். அண்ணன் லயத்தில் இறங்கியதும் தானாகவே சொன்னார், மூடியையும் கழற்றிக் காட்டினார். தர்ஷினியின் அம்மா பார்த்துச் சிரித்துவிட்டு, "சரி, திங்கக்கெழம அரமணி முந்தி வாங்க" என்றார்.

திங்கட்கிழமை நல்ல மழை. ஒன்பது பேரும் பரீட்சை மண்டபம் திறக்கும் முன்பே வாசலில் நின்றார்கள்.

இப்போது கராஜுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் கொடுக்கும் லிஸ்டில் முதல் வரி இது: வண்டி நின்றதும் கையால் என்னென்ன செய்வீர்கள் என்று ஓட்டுநரிடம் கேள், சொல்லச் சொல்லாதே, செய்து காட்டச் சொல்.

வேன் ஓடுகிறது. பெற்றோல் முள் இன்னும் வேலை செய்யவில்லை. வெள்ளிக்கிழமைப் பொட்டு, மூடிக்குப் பக்கத்துத் தகரத்தில் இருக்கிறது.