மலையைப் பார்த்து நின்ற குழு

எங்கள் எப்சிபா தடைகளைத் தாண்டிப் பெற்றவை இவை: அப்பா இறந்த மாதத்தில் எழுதிய பத்தாம் வகுப்புத் தேர்வில் கணக்குக்கு நூறு. தென்காசிக்கு இரண்டு பஸ் மாறிப் போய் முடித்த பி.காம். கைக்குழந்தையோடு எழுதி, மூன்றாம் முறை தேறிய அரசுத் தேர்வு. அதன் வழியாகக் குற்றாலத்தில், அருவிக்கரை வசதி வாரியத்தில் கணக்கு அலுவலர் வேலை. நான் அவள் அண்ணன். எட்டாம் வகுப்போடு நின்று, புளியறை செக்போஸ்ட் பக்கம் சாப்பாட்டுக்கடை நடத்துகிறேன். வரிசை சரிதானா என்று அவளிடமே கேட்டுக்கொண்டேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தகுதிகாண் காலம் உண்டு. மேலதிகாரி நல்லபடி எழுதினால்தான் வேலை நிரந்தரம். எப்சிபாவுக்கு மேலதிகாரி, வாரிய மேலாளர் நெல்லையப்பன் சார். அந்தச் சமயத்தில்தான் சட்டமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு குற்றாலம் வருவதாகத் தகவல் வந்தது. அரசு கொடுத்த பணத்தை என்ன செய்தீர்கள் என்று எம்.எல்.ஏ.க்கள் நேரில் வந்து கேட்கும் குழு அது. பெண்கள் உடை மாற்றும் அறைகள் கட்ட வந்த பணம் பற்றித் தணிக்கையில் ஒரு கேள்வி இருந்தது. சார் எழுதிய பதில்: "முழுத் தொகையும் செலவு செய்யப்பட்டது." கீழே கணக்கு அலுவலர் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆனால் ஒரு அறைகூடக் கட்டவில்லை. செலவாகாத பணம் மார்ச்சோடு அரசுக்கே திரும்பிவிடும் என்பதால், மார்ச் கடைசியில் அதைக் கட்டுமானப் பிரிவின் பெயருக்கு மாற்றி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

"ஏம்மா, ஒரு பைசா யாரும் தின்னலியே. திருப்பி அனுப்பினா அப்புறம் அறையே கிடையாது, பாத்துக்கோ. பணம் எங்கயும் போகல" என்றார் சார்.

"எங்கயும் போகலன்னா செலவாகலன்னுதான சார் அர்த்தம்?"

சார் சிரித்துவிட்டார். பதிலை மட்டும் மாற்றவில்லை. "சீசன்ல வாராங்க. வெள்ளம்னு போலீஸ் கயிறு கட்டிரும். தூரத்துல நின்னு பாத்துட்டுச் சாப்பிடப் போயிருவாங்க. நீ போடு. உன் தகுதிகாண் அறிக்கையும் என் மேசையிலதான் கெடக்கு."

அவள் போடவில்லை.

அந்த வருடம் எங்களுக்குச் சாரல் சரியாக வரவில்லை. குழு வந்த அன்று நான்தான் அவளை பைக்கில் கொண்டுபோய் விட்டு, அங்கேயே நின்றேன். அருவி நூல் நூலாக விழுந்தது. கயிறும் இல்லை, தடையும் இல்லை. வெள்ளை வேட்டிகள் நேரே அருவிக்கரைக்கே வந்துவிட்டன. அங்கே ஒரு அம்மா சேலையை மறைப்பாகப் பிடித்திருக்க, பின்னால் அவள் மகள் உடை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏய், எங்க பாக்கீக? எல்லாரும் மலையைப் பாத்துத் திரும்புங்கய்யா!" என்று அந்த அம்மா சத்தம் போட்டாள். "ஏட்டி, சீக்கிரம் மாத்து, ஒரு ஊரே நிக்கி!"

குழு திரும்பியது. தலைவர், உறுப்பினர்கள், நெல்லையப்பன் சார், ஜீப் டிரைவர் வரை மலையைப் பார்த்து நின்றார்கள். குழுவில் இருந்த ஒரே பெண் உறுப்பினர் மட்டும் திரும்பவில்லை.

"அறைக்கு முழுசும் செலவாயிருச்சுன்னு எழுதியிருக்கீங்களே, அறை எங்க?" என்று கையிலிருந்த பதில் தாளைக் காட்டிக் கேட்டார்.

"வேலை ஆரம்பிக்கப் போகுதும்மா" என்று மலையிடம் சொன்னார் சார்.

"இதுல கையெழுத்தும் இல்ல. கணக்கு அலுவலர் யாரு?"

"நான்தாம்மா." எப்சிபா முன்னால் வந்தாள். "'செலவு செய்யப்பட்டது'ங்கிறதை அடிச்சிட்டு, 'செலவாகாமல் இருப்பில் உள்ளது'ன்னு எழுதினா இப்பவே போடுதேன். அந்தப் பணத்திலயே அறை கட்டக் குழு சொல்லணும்."

தலைவர் மலையைப் பார்த்தபடியே, "தாயி, இப்பத் திரும்பலாமா?" என்று அந்த அம்மாவிடம் அனுமதி கேட்டுத் திரும்பினார். "திருத்துங்க. அறை கட்டச் சொல்லி நாங்க எழுதுறோம்" என்றார்.

நெல்லையப்பன் சாரே பேனாவை எடுத்துத் திருத்தினார். எப்சிபாவின் தகுதிகாண் அறிக்கையில் பிறகு 'திருப்தி' என்று எழுதியவரும் அவரேதான். திருத்திய பதிலை அங்கேயே என் பைக் சீட்டின்மேல் வைத்து அவள் கையெழுத்திட்டாள். சட்டமன்றத்துக்குப் போகும் பதிலில் அவள் பெயர் ஏறியது அதுவே முதல் முறை: பே. எப்சிபா, கணக்கு அலுவலர், 10.08.2023.