அருந்ததியைப் பற்றி என் தங்கை சொன்னது

எழுதலாமா வேண்டாமா என்றே பல வருஷம் போய்விட்டது. பெண் கொடுத்த வீட்டைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்று வளர்ந்தவன் நான். எங்கள் விருத்தாசலம் பழமலைநாதர் சந்நிதியில் நின்று, 'சொன்னால் தப்பா சாமி?' என்று கேட்டும் பார்த்தாயிற்று. இனியும் பொறுக்க முடியவில்லை.

ஆளுக்கொரு செல்போன் வரத் தொடங்கியிருந்த காலம். தங்கைக்குக் கல்யாணம். நான் எட்டாவதோடு நின்று பீங்கான் பொம்மைக் கம்பெனிக்குப் போனவன். அவள் காலேஜில் பிசிக்ஸ் படித்தவள். மாப்பிள்ளை வீடு பெண்ணாடம், கரும்பு விவசாயம். தாலி கட்டி, அம்மி மிதித்து, அருந்ததி பார்க்க மண்டபத்து வாசலுக்குக் கூட்டி வந்தார்கள். உச்சி வெயில். ஐயர் வடக்கே கையைக் காட்டி, "அதோ அருந்ததி. தெரியறதா?" என்றார். எந்தக் கல்யாணத்திலும் யாருக்கும் தெரிவதில்லை. தெரிகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போவதுதான் வழக்கம்.

மாப்பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "தெரியுதுங்க" என்றார். என்னோடு வேலை செய்பவன், "கூலிங் கிளாஸ் போட்டிருந்தா இன்னும் நல்லா தெரிஞ்சிருக்கும் மாப்ள" என்றான். எல்லாரும் சிரித்தோம். என் தங்கைக்குப் பொய் வராது. "எனக்குத் தெரியலைங்க சாமி. ஆனா அங்கதான் இருக்குது" என்றாள்.

"அது என்னம்மா, தெரியலை, ஆனா இருக்குதுங்கற?" என்றார் அவள் மாமியார்.

"அந்த வெளிச்சம் இங்க வந்து சேர எண்பது வருஷத்துக்கு மேல ஆவுது அத்தை. நாம ராத்திரில பாக்குறதே எங்க தாத்தா காலத்துல கிளம்புனதுதான். பகல்ல கண்ணுக்குத் தெரியலைன்னாலும் வந்துக்கிட்டேதான் இருக்குது."

அவள் சொன்னது இவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் வந்துகொண்டே இருக்கிறது என்றாள். சாமியைப் பற்றி நாம் சொல்வதும் அதுதானே என்று எனக்கு மனசு குளிர்ந்தது. அப்போது மாப்பிள்ளையின் சித்தப்பா, வெற்றிலையை மென்றபடி, "அப்படின்னா அந்த நட்சத்திரம் இப்ப இருக்குதோ, போயி சேந்துடுச்சோ, யாரு கண்டா?" என்றார். மறுபடி சிரிப்பு. ஐயரே, "பாடத்தை அப்புறம் வச்சுக்கலாம், நேரமாச்சு" என்று சிரித்தார்.

ஒரு மாதத்துக்குள் அந்தப் பேச்சு இடம் மாறிவிட்டது. சித்தப்பா சொன்னது என் தங்கை வாயில் ஏறிக்கொண்டது. கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு சாவு வீட்டில் முன்பின் தெரியாத ஒருவர் என்னிடமே சொன்னார்: "விருத்தாசலத்துப் பொண்ணாம். தாலி கட்டின சூட்டோட, அருந்ததி செத்துப்போச்சுன்னு சொல்லிச்சாம்." டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த வருஷம் அவளுக்கு முதல் கரு தங்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே மாமியார், "அருந்ததியை வாயால அணைச்சவளுக்கு வேற எப்படி ஆவும்?" என்றார். பரிகாரம் சொன்னார்கள். வெள்ளிக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்து பழமலைநாதர் கோயிலில் நெய் விளக்கு ஏற்ற வேண்டும். சாமிக்கு ஏற்றும் விளக்கு எதுவும் வீணில்லை. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் செய்யாத பாவத்துக்கு விளக்கேற்றிவிட்டு என் தங்கை தலைகுனிந்து பிராகாரம் சுற்றியதைப் பார்க்கும்போது, அந்தத் தூண்களில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை கேட்டேன்: "நெசமாவே அந்த நட்சத்திரம் இருக்குதாம்மா?"

"இருக்குதுண்ணா. நட்சத்திரத்துக்கு எண்பது வருஷம்லாம் ஒரு வயசா? நமக்கு ஒரு மூச்சு வுடுற மாதிரி."

"அப்ப, போயி சேந்துடுச்சோன்னு சொன்னது அந்தச் சித்தப்பாதான்னு நான் வந்து சொல்றேன்."

"வுடுண்ணா. அவரு பேரை எடுத்தா வூடே ரெண்டாயிடும். நான்தான அங்க இருக்கணும்?"

அவளைப் பெண்ணாடம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன்.

பிறகு குழந்தை பிறந்தது. காதுகுத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் என் பக்கத்து இலை சித்தப்பாவுக்கு. பாயசம் வரும்போது எதிரில் இருந்தவர்களிடம் அவரே அந்தக் கதையை எடுத்தார். "எங்க மருமவ இருக்குதே, கல்யாணத்தன்னைக்கு என்னா சொல்லிச்சு தெரியுமா?" பரிமாறிக்கொண்டிருந்த தங்கை, கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"மாமா, அது நீங்க சொன்னதுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் கள்ளம் இல்லை. நிஜமாகவே மறந்துபோயிருந்தார். "நானா? யாரு சொன்னா என்னா தம்பி, பழைய கதை. பாயசம் ஆறுது, சாப்புடு" என்று என் தோளைத் தட்டினார். பொய் சொல்கிறவரோடு சண்டை போடலாம். இவரோடு என்ன செய்வது? தங்கை அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டாள்.

அதனால்தான் நடந்ததை நடந்தபடியே எழுதியிருக்கிறேன். அந்த வெளிச்சம் எண்பது வருஷத்துக்கு மேல் தனியாக வந்தும், வழியில் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை என்கிறாள் தங்கை. ஒரு பெண் சொன்ன வார்த்தை மண்டபத்து வாசலிலிருந்து பெண்ணாடம் போய்ச் சேர்வதற்குள் வேறு வார்த்தையாகிவிட்டது. படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். எனக்காகக் கோபத்தைச் சேர்க்க வேண்டாம், அவளுக்காகக் கண்ணீரையும் சேர்க்க வேண்டாம். 'வந்துக்கிட்டேதான் இருக்குது' என்று அவள் சொன்னாள். அதை அப்படியே சொல்லுங்கள்.